சுமைதாங்கிகளின் வரலாறு

தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் இன்றும் சில இடங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். நட்டு நிறுத்திய இரண்டு கற்கள். அவற்றின்மேல் குறுக்கே கிடத்திய ஒரு கல். அவ்வளவே அதன் அமைப்பு. தலைச்சுமையோடு நெடுவழி நடப்பவன், பிறர் துணையின்றித் தன் சுமையை அதன்மேல் இறக்கி வைக்கலாம். இளைப்பாறிய பின், பிறர் துணையின்றியே மீண்டும் தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்றிருக்கையில் இறந்த பெண்ணின் நினைவாக இக்கல்லை நாட்டுவது நம் முன்னோர் வழக்கம். வழிச்செல்வோரின் பாரம் இறங்குந்தோறும், சுமந்தபடியே மறைந்தவளின் பாரமும் குறையும் என்பது அவர்கள் நம்பிக்கை.

சரக்குப் போக்குவரத்தின் வரலாறு இச்சிறு கல்லில் அடங்கியிருக்கிறது என்று கூறினால் நேயர்கள் வியக்கக்கூடும். ஒரு பொருள் விளைந்த இடத்தை விட்டுப் புறப்பட்டு, வேண்டும் இடத்தை அடைவதற்குள் எத்தனை முறை இறக்கி ஏற்றப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் விலையும், அது வந்து சேரும் நாளும், சேதமும் பெரும்பாலும் அமைகின்றன. கடந்த இருநூறு ஆண்டுகளில் இத்துறையில் தோன்றிய பெரிய மாறுதல்கள் பலவும், அத்தகைய இடங்களை ஒவ்வொன்றாக ஒழித்த மாறுதல்களே. ஆயினும், அவ்விடங்கள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கானோருக்குப் பிழைப்பிடமாகவும் இருந்தன என்பதை வரலாறு எழுதுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர். 1971ஆம் ஆண்டில் பம்பாய் வந்து, சரக்கு அனுப்பும் முகவர் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக அமர்ந்து, 42 ஆண்டுகள் அத்துறையிலேயே உழைத்து ஓய்வு பெற்ற நாம் அதனை மறத்தல் இயலாது. ஆதலின் இவ்வுரையில் அவ்விரு பக்கங்களையும் சேர்த்தே கூற முற்படுகிறோம்.

ரயில் வருவதற்கு முன், இந்திய நாட்டின் உள்நாட்டுச் சரக்கைச் சுமந்தவை ஆறுகளில் படகுகளும், நிலத்தில் வண்டிகளும் பொதியெருதுகளுமே. தக்காணத்திலும் வடநாட்டிலும் பஞ்சாரா மக்கள் பெருங்கூட்டமாக எருதுகளை ஓட்டிச் சென்று தானியமும் உப்பும் வாணிகம் செய்தனர். 1632ஆம் ஆண்டில் வடநாட்டில் பயணம் செய்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர், 14,000 எருதுகள் கொண்ட ஒரு கூட்டத்தை வழியிற் கண்டதாகக் குறித்திருக்கிறார். ஒவ்வொரு மாலையும் அத்தனை எருதுகளின் முதுகிலிருந்தும் பொதிகளை இறக்க வேண்டும். ஒவ்வொரு காலையும் ஏற்ற வேண்டும். மழைக்காலம் வந்தால் வழியே அடைபடும். ஒரு மாவட்டத்தில் விளைச்சல் மிகுந்து விலை வீழ்ந்திருக்கையில், அடுத்த மாவட்டம் பஞ்சத்தில் வாடுவது அக்காலத்தில் அரிய செய்தியன்று.

இந்நிலையை மாற்ற வந்த ரயில், நம் நாட்டில் முதலில் சுமந்தது மனிதரை அன்று, கல்லை. 1837ஆம் ஆண்டில் சென்னைக்கருகே செங்குன்றத்திலிருந்து சாலை போடும் கற்களைக் கொண்டுவர ஒரு சிறு இருப்புப்பாதை அமைந்தது. பயணிகளுக்கான முதல் ரயில் 16-4-1853 அன்று பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியது. 1-7-1856 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. 1863ஆம் ஆண்டில் போர் கணவாய்ப் பாதை திறக்கப்பட்டதும், தக்காணத்துப் பருத்தி மலையிலிருந்து பம்பாய்த் துறைமுகத்துக்கு நேரே இறங்கியது. அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்தின் ஆலைகள் பருத்தியின்றித் தவித்த காலம் அது. 1871ஆம் ஆண்டில் பம்பாய்ப் பாதையும் சென்னைப் பாதையும் ராய்ச்சூரில் இணைந்தன. நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் பம்பாய்க்கு வந்து சேர்ந்த பாதை அதுவே.

ரயில் ஒரு தொல்லையை நீக்கியது, வேறொன்றை உண்டாக்கியது. முதலில் இட்ட பாதைகளின் அகலம் ஐந்தடி ஆறங்குலம். 1870களில், செலவைக் குறைக்கும் நோக்குடன், மீட்டர் அளவுப் பாதைகளையும் அரசாங்கம் அமைக்கத் தொடங்கியது. அதனால் நாட்டின் இருப்புப்பாதைகள் இருவகையாகப் பிரிந்தன. அகலப்பாதை வாகன் மீட்டர்பாதையில் ஓடாது. இரண்டும் சந்திக்கும் நிலையங்களில் ஒவ்வொரு மூட்டையையும் ஒரு வாகனிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டும். குஜராத்தில் விரம்காம், பீகாரில் கர்ஹாரா போன்ற இடங்கள் இவ்வேலையாலேயே பெயர் பெற்றன. பம்பாயிலிருந்து மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் செல்லும் சரக்குக்கும் நெடுங்காலம் இதுவே விதி.

நம் அனுபவத்தில் ஒன்றை ஈண்டுக் குறிப்பிடலாம். 1973ஆம் ஆண்டு, தீபாவளியை முன்னிட்டுத் திருநெல்வேலிச் சீமையின் ஜவுளி வணிகர் ஒருவருக்குப் பம்பாய் ஆலைத்துணி பேல்கள் சிலவற்றை அனுப்பினோம். நாள் கணக்கிட்டே பதிவு செய்தோம். ஆனால் பாதை மாறும் இடத்தில் சரக்கு காத்துக் கிடக்கும் நாளை அக்கணக்கிற் சேர்க்க மறந்தோம். பிழை நம்முடையதே. ஐப்பசி மழையில் ஒரு மாற்றுக் கொட்டகையில் பேல்கள் கிடந்தன. அடியிலிருந்த இரண்டு நனைந்தும் போயின. பண்டிகை கழிந்த ஒரு வாரத்திற்குப் பின் வணிகரிடமிருந்து கடிதம் வந்தது. கடுஞ்சொல் ஒன்றும் அதில் இல்லை. "துணி வந்து சேர்ந்தது, தீபாவளி போய்விட்டது" என்று மட்டும் எழுதியிருந்தார். அவர் கடன் வாங்கி அத்துணிக்குப் பணம் கட்டியிருந்தார் என்பதைப் பின்னர் அறிந்தோம். சரக்கு ஓடும் நேரத்தைக் காட்டிலும் அது நிற்கும் நேரத்தையே கணக்கிட வேண்டும் என்ற பாடத்தை நாம் கற்றது அந்த ஒரு வரியினால்தான்.

சரக்கு நிற்கும் இடங்களோ பல. அக்காலத்தில் ஒரு வணிகர் ஒரே ஒரு வாகன் சரக்கையும் ரயிலில் அனுப்பலாம். சில மூட்டைகளையும் அனுப்பலாம். அவற்றைச் சேர்ப்பதற்கும் பிரிப்பதற்கும் பெரிய பெரிய யார்டுகள் இருந்தன. முகல்சராய் யார்டு அவற்றுள் புகழ் மிக்கது. அந்நிலையத்தின் பெயர் 2018ஆம் ஆண்டில் மாற்றப்பட்டது. அத்தகைய யார்டுகளில் வாகன்களை ஒரு மேட்டின்மீது தள்ளி ஏற்றுவர். மறுபுறம் அவை தாமாகவே உருண்டு இறங்கித் தத்தம் தடத்தைச் சேரும். ஒரு வாகன் பல யார்டுகளைக் கடந்தே ஊர் சேரும். அதுவரை வணிகர் கையில் இருப்பது ரயில்வே ரசீது ஒன்றே. ஆர்.ஆர். எனப்படும் அந்தத் தாளே சரக்குக்கு உரிமைச் சீட்டு. அதனை வங்கியில் கொடுத்துப் பணம் பெறுவர். வாங்குபவர் பணம் செலுத்தி அதனை மீட்டால்தான் சரக்கு அவருக்குக் கிடைக்கும்.

பம்பாயின் வாடி பந்தர், கார்னாக் பந்தர் ஆகிய சரக்குக் கொட்டகைகளில் நாம் பணி பழகினோம். அங்கே சுமை தூக்கியோருள் மராட்டியரே மிகுதி. எனினும் நம் தென்பாண்டிச் சீமையினரும் இருந்தனர். அவர்களுள் முதியவர் ஒருவர் நமக்கு ஆசிரியர் போன்றவர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைப்போம். எண்ணிக்கை தவறி நாம் திகைத்து நின்ற ஒரு நாளில் அவர், "தம்பி, மூட்டையை எண்ணாதீர்கள், அடுக்கை எண்ணுங்கள்" என்றார். அடுக்கின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கண்ணால் அளந்து, நானூறு மூட்டைகளை ஒரு நொடியில் கூறிவிடுவார். கோணியின் மணத்தைக் கொண்டே மிளகு எவ்வூரது என்பார். பாரமான பேல் அடியிலும் எளிதில் நசுங்கும் பெட்டி மேலிலும் வரவேண்டும், எண்ணெய்ப் பீப்பாயை அரிசிக்கு அருகில் வைத்தலாகாது என்பன போன்ற விதிகள் அவருக்கு மனப்பாடம். சுமை தூக்குதல் வெறும் உடல் வலிமை என்று எண்ணுவோர் அவரைக் கண்டதில்லை.

துறைமுகத்திலும் இவ்வாறே. பம்பாய்த் துறைமுகப் பொறுப்புக் கழகம் 1873ஆம் ஆண்டில் அமைந்தது. பிரின்ஸ் டாக் 1880ஆம் ஆண்டிலும், அலெக்சாண்ட்ரா டாக் 1914ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. கப்பலின் அடித்தளத்தில் இறங்கிய தொழிலாளர், மூட்டைகளைக் கயிற்று வலையில் அடுக்குவர், கிரேன் தூக்கும், கரையில் வேறு குழுவினர் பிரித்து எண்ணுவர். ஒரு கப்பலின் சரக்கை இறக்கி ஏற்றப் பல நாள் ஆகும்; துறை நெருக்கடியாயின் வாரக்கணக்கில் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும். கப்பல் வந்தால் கூலி, வாராவிடில் பட்டினி என்றிருந்த துறைமுகத் தொழிலாளருக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் நிலையான வேலைக்கு வழி செய்தது. நகரின் சந்தைகளிலும் கொட்டகைகளிலும் தலைச்சுமை தூக்கிய மாத்தாடித் தொழிலாளருக்காக 1969ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு தனிச் சட்டம் இயற்றியது. தொழிலாளரைப் பதிவு செய்து, வாரியத்தின் வழியே கூலியும் சேமநிதியும் கிடைக்கச் செய்த அச்சட்டம், அமைப்பற்ற தொழிலாளருக்கு இந்நாட்டில் கிடைத்த பெரும் பாதுகாப்புகளுள் ஒன்று. அண்ணாச்சி தம் பதிவு அட்டையைத் தகரப் பெட்டியில், முருகன் படத்தோடு வைத்திருந்தார்.

இவ்வாறு ரயிலும் கப்பலும் ஆட்சி செய்த உலகில், லாரி மெல்ல மெல்ல நுழைந்தது. 1954ஆம் ஆண்டில் டெல்கோ நிறுவனம் ஜெர்மானியக் கூட்டுறவுடன் லாரி உற்பத்தியைத் தொடங்கியது. எண்ணூரில் 1948ஆம் ஆண்டில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு ஆயிற்று. 1974ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்த இருபது நாள் ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது, லாரியை ஏறிட்டும் பாராத வணிகர் பலர் நம் அலுவலகத்தில் வந்து லாரி கேட்டனர். வேலைநிறுத்தம் முடிந்தும் அவர்களுள் சிலர் திரும்பவில்லை. காரணம் எளிது. லாரி கடைவாசலில் ஏற்றும், கடைவாசலில் இறக்கும், நடுவில் யார்டும் இல்லை, பாதை மாற்றமும் இல்லை. 1975ஆம் ஆண்டில் வந்த தேசிய பெர்மிட் முறை, ஒரே லாரி பல மாநிலங்களைக் கடந்து செல்வதை எளிதாக்கியது.

இத்தொழிலில் நம் தமிழ்நாட்டுக்குச் சிறப்பான இடம் உண்டு. மழை குறைந்த நாமக்கல், சங்ககிரி வட்டாரத்து உழவர் குடும்பங்கள் பல, லாரித் தொழிலில் இறங்கி முன்னேறின. லாரிக்குக் கூண்டு கட்டும் தொழிலும் அங்கே தழைத்தது. பிற மாநிலங்களில் வாழும் நேயர்களில், நெடுஞ்சாலைக் கடையொன்றில் தேநீர் அருந்துகையில் திடீரெனத் தமிழ்க்குரல் கேட்டுத் திரும்பிப் பார்க்காதவர் யாவர்? நவி மும்பையின் களம்போலி லாரி நிலையத்தில் அக்குரலை நாம் எத்தனையோ இரவுகள் கேட்டிருக்கிறோம். மனைவி மக்களைப் பிரிந்து வாரக்கணக்கில் வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே உறங்கும் அந்த ஓட்டுநர்களும் நம்மைப்போல் புலம்பெயர்ந்தோரே. நாம் ஓர் ஊருக்குப் பெயர்ந்தோம். அவர்கள் சாலைக்கே பெயர்ந்தனர்.

1950-51ஆம் ஆண்டில், ரயிலும் சாலையும் சுமந்த சரக்கில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ரயிலுடையது. பிற்காலத்தில் அப்பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. ரயில் சுமக்கும் சரக்கு குறைந்தது என்று இதற்குப் பொருளன்று. அந்த ஆண்டில் கட்டணம் பெற்று ரயில் ஏற்றிய சரக்கு 7 கோடி டன்னுக்குச் சற்று மேல். 2023-24ஆம் ஆண்டிலோ அது 150 கோடி டன்னைத் தாண்டியது. நிலக்கரி, இரும்புத்தாது, சிமெண்டு, தானியம் போன்றவற்றை முழு ரயிலாக ஏற்றி, நடுவில் பிரிக்காமல் ஊர் சேர்க்கும் முறையை 1980களில் ரயில்வே முதன்மையாக்கியது. இதனால் பழைய யார்டுகள் பல வேலையற்றுப் போயின. 1992ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டம், மாற்றுக் கொட்டகைகளையும் ஒவ்வொன்றாக மூடியது. நாட்டுக்கு இது பெரும் நன்மை. ஆனால் ஒரு வாகனை நிரப்ப இயலாத சிறு வணிகருக்கு ரயிலின் வாயில் ஏறக்குறைய அடைபட்டது. அவர் லாரியையே நாட வேண்டியவரானார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாறுதல், ஓர் இரும்புப் பெட்டியால் விளைந்தது. 26-4-1956 அன்று அமெரிக்காவில், மால்கம் மக்லீன் என்ற லாரித் தொழிலதிபர், 58 பெட்டிகளை ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சரக்கைத் தொடாமல், சரக்கு இருக்கும் பெட்டியை மட்டும் லாரியிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து ரயிலுக்கும் மாற்றுவது என்பதே அவர் கண்ட உபாயம். அக்கண்டெய்னர், 1973ஆம் ஆண்டில் கொச்சித் துறைமுகத்தின் வழியே நம் நாட்டுக்குள் வந்தது. 1981ஆம் ஆண்டில் பெங்களூரில் உள்நாட்டுக் கண்டெய்னர் நிலையம் அமைந்தது. கடற்கரையே இல்லாத ஊர் துறைமுகத்தின் வேலையைச் செய்யலாயிற்று. 1989ஆம் ஆண்டு மே மாதத்தில், பம்பாய்த் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் நவசேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் திறக்கப்பட்டது. 2023-24ஆம் ஆண்டில் இருபதடிப் பெட்டிக் கணக்கில் 64 லட்சத்திற்கு மேற்பட்ட பெட்டிகளை அது கையாண்டது. எதிர்க்கரையிலோ, தலைமுறை தலைமுறையாகக் கூலி தந்த பழைய பிரின்ஸ் டாக் மண்ணிட்டு நிரப்பப்பட்டது.

ஒரு குழுவினர் நாள் முழுதும் இறக்கிய சரக்கை, இன்று கிரேன் சில நிமிடங்களில் ஒரே பெட்டியாக இறக்குகிறது. திருட்டு குறைந்தது, நனைவது குறைந்தது, கப்பல் துறையில் நிற்பது வாரங்களிலிருந்து மணிகளாகச் சுருங்கியது. அண்ணாச்சியை ஒருநாள் நவசேவாவுக்கு அழைத்துச் சென்றோம். அவர் நெடுநேரம் பேசாமல் நின்றார். பின்பு, "பெட்டிக்குள் மிளகா, தோலா என்று தூக்குகிறவனுக்கே தெரியாதே, தம்பி" என்றார். அதற்கு நாம் மறுமொழி கூறவில்லை. அவர் அறிந்திருந்த அறிவு முழுவதும் அந்நாளிலேயே தேவையற்றதாகிவிட்டதை இருவருமே உணர்ந்தோம். அடுத்த ஆண்டில் கணக்கை முடித்துக்கொண்டு அவர் ஊர் திரும்பினார்.

எஞ்சியிருந்த பெரிய தடை சுங்கச்சாவடிகளே. முலுண்டிலும் தஹிசாரிலும் ஆக்ட்ராய் செலுத்துவதற்காக லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றதை மும்பைவாழ் நேயர்கள் அறிவர். 1-7-2017 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது அவ்வரி ஒழிந்தது. மாநில எல்லைகளிலிருந்த வணிக வரிச்சாவடிகளும் எடுக்கப்பட்டன. 1-4-2018 முதல், மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு மின்னணு வழிச்சீட்டு போதுமென்றாயிற்று. மாநிலத்துக்கு ஒன்றாக வரிக் காரணத்தால் வைத்திருந்த சிறு கிடங்குகளை நிறுவனங்கள் ஒன்றாக்கின. 2021ஆம் ஆண்டு முதல், மேற்குச் சரக்கு வழித்தடத்தில் மின்சார இழுவையுடன் இரட்டை அடுக்குக் கண்டெய்னர் ரயில்கள் ஓடுகின்றன. சரக்கு எங்கே செல்கிறது என்பதை வணிகர் கைப்பேசியிலேயே காண்கிறார். "தீபாவளி போய்விட்டது" என்று எழுத வேண்டிய நிலை இன்றைய ஜவுளி வணிகருக்கு அரிது. இதனை நாம் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். சரக்கு நிற்பதில்லை, ஆதலால் அதனைச் சுமப்பவனும் நிற்க இயலவில்லை. பழைய நாளில் சாவடியில் லாரி நின்றபோது, ஓட்டுநர் சற்றே கண்ணயர்ந்தார். இன்று குறித்த மணிக்குச் சேராவிடில் வாடகையில் பிடித்தம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961ஆம் ஆண்டிலேயே நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது; நெடுஞ்சாலையில் அதனைக் கடைப்பிடித்த லாரிகளை நாம் மிக அரிதாகவே கண்டோம். நகரத் தெருக்களில் இருசக்கர வண்டியில் பொட்டலம் சுமந்து விரையும் இளைஞரும் இத்துறையின் புதிய சுமைத் தொழிலாளரே. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவர்களைத் தொழிலாளர் வகையினராகப் பெயரிட்டுக் குறித்தது. அரை நூற்றாண்டுக்கு முன் மாத்தாடித் தொழிலாளருக்குப் பதிவு அட்டை பெற்றுத் தந்தது போன்ற உறுதி, இவர்களுக்கும் ஏட்டளவில் நில்லாமல் கையில் வந்து சேர வேண்டும்.

சுமைதாங்கியை நாட்டிய நம் முன்னோர், பொருளின் நன்மை கருதி அதனை நாட்டவில்லை. சுமப்பவனின் கழுத்தை எண்ணியே நாட்டினர். சரக்குக்கு இனி இறக்கிவைக்கும் இடம் வேண்டாம் என்று ஆக்கியது நம் காலத்தின் சாதனை. சுமப்பவருக்கு அவ்விடம் இன்னமும் வேண்டும். இன்றிரவு நேயர்கள் வீட்டு வாயிலில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் இளைஞரிடம், "சற்று உட்காருங்கள், தம்பி" என்று கூறி ஒரு குவளைத் தண்ணீர் தருவது, சட்டம் செய்யவேண்டியதற்கு ஈடாகாது. ஆயினும், நம் ஊர்ச் சாலையோரத்து அந்தக் கல்லின் பொருளை நாம் மறக்கவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கும்.